8,000 டாலரா, மாதம் 99 டாலரா? அத்தானின் கார் கணக்கு

2026 ஜனவரி 14 அன்று ஈலான் மஸ்க் எக்ஸ் தளத்தில் ஓர் அறிவிப்பு போட்டார். காரைத் தானாக ஓட்டுவதற்கான ‘ஃபுல் செல்ஃப் டிரைவிங்’ மென்பொருளை பிப்ரவரி 14க்குப் பிறகு டெஸ்லா ஒரே தொகைக்கு (அப்போது 8,000 டாலர்) விற்காது, அதற்கப்புறம் மாதச் சந்தா (99 டாலர்) மட்டும்தான் என்றார். சரியாக ஒரு மாதக் கெடு. அன்று இரவே அத்தான் போன் பண்ணிவிட்டார்.

“மாப்ள, எட்டாயிரம் டாலரக் கட்டிப் போட்டுரலாமா? இப்ப விட்டா அப்புறம் கிடைக்காதாம்லா?”

அத்தான் இருப்பது கலிபோர்னியாவில், ஃப்ரீமாண்ட்டில். டெஸ்லா தொழிற்சாலை இருக்கும் அதே ஊர். 2022இல் வாங்கிய மாடல் 3 வைத்திருக்கிறார். நான் பக்கத்தில் சான் ஹோசேயில் கணக்கு வேலை பார்க்கிறேன். காரைப் பற்றி என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். காசு விஷயம் என்றால்தான் என்னைக் கூப்பிடுவார்.

அவருக்கு இது வேடிக்கைக்கான ஆசை இல்லை. வயது 58. ராத்திரியில் எதிர்வண்டி விளக்கு கண்ணைக் கூசுகிறது, வலது முழங்கால் பழையபடி இல்லை. மகள் சான் டியகோவில் படிக்கிறாள். ஐ-5 நெடுஞ்சாலையில் ஒரு பக்கமே 450 மைலுக்கு மேல். வருடத்தில் நாலைந்து தடவை போய் வருகிறார். சனிக்கிழமை தவறாமல் அம்மாவை லிவர்மோர் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும். கார் தானாக ஓடினால் உண்மையிலேயே உதவி தேவைப்படும் ஆள் அவர். அதனால் ‘எல்லாம் ஏமாத்து வேலை அத்தான்’ என்று ஒரே வரியில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. உட்கார்ந்து முழுசாகப் பார்த்தோம்.

விற்கப்பட்டது எது

கதை 2016 அக்டோபர் 19இல் தொடங்குகிறது. இனி தயாராகும் எல்லா டெஸ்லா கார்களிலும் முழுத் தானோட்டத்துக்குத் தேவையான வன்பொருள் இருக்கும், அதன் பாதுகாப்பு மனித ஓட்டுநரைவிட கணிசமாகக் கூடுதலாக இருக்கும் என்று அன்று நிறுவனம் அறிவித்தது. எட்டு கேமரா, பன்னிரண்டு அல்ட்ராசோனிக் சென்சார், ஒரு ரேடார். மேம்பட்ட ஆட்டோபைலட் என்ற ஓட்டுநர் உதவி வசதிக்கு 5,000 டாலர், முழுத் தானோட்டத்துக்கு அதற்கு மேல் 3,000 டாலர். 2017 முடிவதற்குள் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூயார்க் வரை ஒரு கார் யாரும் தொடாமல் ஓடிக் காட்டும் என்று மஸ்க் சொன்னார். அந்தப் பயணம் நடக்கவே இல்லை.

அறிவிப்போடு ஒரு வீடியோவும் வந்தது. கார் தானே ஓடுகிறது, ஓட்டுநர் இருக்கையில் ஆள் இருப்பது சட்டத்துக்காக மட்டும்தான் என்ற எழுத்தோடு அது தொடங்கும். அந்த வீடியோ எப்படி எடுக்கப்பட்டது என்பது ஆறு ஆண்டு கழித்து ஒரு வழக்கில் வெளிவந்தது. டெஸ்லாவின் ஆட்டோபைலட் மென்பொருள் பிரிவுத் தலைவர் அசோக் எல்லுசாமி சத்தியப் பிரமாண வாக்குமூலம் கொடுத்தார். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர், நம்ம ஊர்ப் பையன் என்று எங்கள் வீடுகளில் பெருமையாகப் பேசப்படுபவர். மென்லோ பார்க்கிலிருந்து பாலோ ஆல்ட்டோ வரைக்கும் போகும் அந்தப் பாதைக்கு முன்கூட்டியே முப்பரிமாண வரைபடம் போட்டிருந்தார்கள் என்றார். ஒத்திகை ஓட்டங்களில் ஓட்டுநர்கள் இடையிட வேண்டியிருந்தது. தானாக நிறுத்திக் காட்டும் முயற்சியில் சோதனைக் கார் ஒன்று நிறுவனத்தின் பார்க்கிங்கிலேயே வேலியில் மோதியது. வாடிக்கையாளருக்கு அன்று என்ன கிடைத்தது என்று காட்டுவதற்காக அந்த வீடியோ எடுக்கப்படவில்லை, எதைச் செய்ய முடியும் என்று காட்டுவதற்காக எடுக்கப்பட்டது என்றும் அவர் சொன்னார். 2023 ஜனவரியில் இது செய்தியானது.

அவர் சொன்ன கடைசிக் காரணத்தை அத்தானிடம் இரண்டு முறை படித்துக் காட்டினேன். எதைச் செய்ய முடியும் என்பதற்கும் எது கையில் கிடைக்கும் என்பதற்கும் நடுவில் இருக்கிற இடைவெளிக்குத்தான் இத்தனை வருடமாக விலை வைத்து விற்றிருக்கிறார்கள்.

அந்த விலை போன போக்கைப் பாருங்கள். 2019 நவம்பரில் 7,000 டாலர். 2020இல் முதலில் 8,000, அப்புறம் 10,000. 2022 ஜனவரியில் 12,000, அதே ஆண்டு செப்டம்பரில் 15,000. விலை ஏறிக்கொண்டே போகும், சீக்கிரம் வாங்குபவர் புத்திசாலி என்ற பேச்சு அப்போது எங்கும் இருந்தது. 2019 ஏப்ரலில் மஸ்க் மேடையிலேயே, அடுத்த ஆண்டு பத்து லட்சத்துக்கு மேல் ரோபோ டாக்ஸிகள் சாலையில் இருக்கும் என்றார். நாம் தூங்கும்போது கார் டாக்ஸி ஓட்டிச் சம்பாதிக்கும் என்றால் யார்தான் கணக்குப் போட மாட்டார்கள்? ஆனால் 2023 செப்டம்பரில் விலை மறுபடி 12,000 ஆனது. 2024 ஏப்ரலில் 8,000. 2021இல் மாதம் 199 டாலராகத் தொடங்கிய சந்தாவும் அப்போது 99 ஆனது.

15,000 கொடுத்தவருக்கும் 8,000 கொடுத்தவருக்கும் கிடைத்தது ஒரே மென்பொருள். அதன் பெயரிலும் 2024இல் ‘சூப்பர்வைஸ்டு’ என்ற சொல் சேர்ந்தது, அதாவது மேற்பார்வையோடு. மேற்பார்வை செய்ய வேண்டிய ஆள் ஓட்டுநர் இருக்கையில் இருக்கும் நாம்தான்.

ஊரிலிருந்து கேட்பவர்களுக்காக இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2025 ஜூலையில் மும்பை பாந்த்ரா குர்லா வளாகத்தில் டெஸ்லா கடை திறந்தபோது மாடல் ஒய் விலை 59.89 லட்சம் ரூபாயில் தொடங்கியது. இந்த மென்பொருளுக்கு மேற்கொண்டு 6 லட்சம். இந்தியச் சாலையில் அந்த வசதி ஓடத் தொடங்காத நிலையிலேயே விலைப்பட்டியலில் அந்த வரி இருந்தது. 6 லட்சத்துக்கு ஊரில் ஒரு புது கார் வந்துவிடும். அதைக் கட்டலாமா என்று யாராவது என்னிடம் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

கராஜில் ஐந்து நிமிடம்

மறுநாள் மாலை ஃப்ரீமாண்ட் போனேன். முதல் வேலையாக அத்தானைக் காருக்குள் உட்காரச் சொன்னேன். திரையில் கன்ட்ரோல்ஸ், அதற்குள் சாஃப்ட்வேர், அதற்குள் கூடுதல் வாகன விவரம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவர் வாசித்தார். கணினி: ஹார்டுவேர் 3.

முடிவில் பாதி அந்த ஒரு வரியில் இருந்தது. ஹார்டுவேர் 3 என்பது 2019இல் வந்த கணினி. 2023இல் ஹார்டுவேர் 4 வந்தது. மென்பொருளின் 13ஆம் பதிப்பும், 2025 அக்டோபரில் வந்த 14ஆம் பதிப்பும் புதிய கணினிக்கு மட்டும்தான். அத்தானின் கார் அப்போது 12.6இலேயே நின்றது. இணையத்தில் பார்த்து அவர் ஆசைப்படும் ஓட்டங்களெல்லாம் அவருடைய காரில் ஓடாத மென்பொருளின் ஓட்டங்கள். பழைய கணினிக்காக 14இன் சுருங்கிய பதிப்பு ஒன்று வரும் என்று நிறுவனம் சொல்லியிருந்தது. அதுவும் இன்னொரு ‘வரும்’.

இங்கே அத்தான் ஒரு நல்ல கேள்வி கேட்டார். “மொத்தமா வாங்கினவங்களுக்குப் புதுக் கம்ப்யூட்டர் மாத்தித் தாரோம்னு அவரே சொல்லிருக்காராமே? அப்ப எட்டாயிரம் கட்டினா அதுவும் சேர்ந்து வருமுல்லா?”

அவர் சொன்னது சரிதான். 2025 ஜனவரியில் முதலீட்டாளர்களோடு பேசும்போது, இந்த மென்பொருளை வாங்கிய ஹார்டுவேர் 3 கார்களில் கணினியை மாற்ற வேண்டியிருக்கும் என்று மஸ்க் ஒப்புக்கொண்டார். அது வலியும் சிரமமும் பிடித்த வேலை என்றும், நல்லவேளை நிறையப் பேர் வாங்கவில்லை என்ற பொருளிலும் பேசினார். அத்தான் என்னைக் கேட்ட நாள்வரை, ஒரு வருடம் ஆகியும் அந்த மாற்று வேலை தொடங்கியிருக்கவில்லை. 2016இல் ‘தேவையான வன்பொருள் ஏற்கெனவே இருக்கிறது’ என்று தொடங்கிய வாக்குறுதி, கணினியை மாற்றித் தருவோம் என்ற வாக்குறுதியாக மாறியிருக்கிறது. முதல் வாக்கை நம்பி 8,000 கட்டியதால் இரண்டாவது வாக்குக்கு நாம் தகுதி பெறுகிறோம். கணக்கு எழுதுகிறவனாக இதை வரவில் எழுத எனக்குக் கை வரவில்லை.

ஒரு சனிக்கிழமை

காகிதத்திலேயே முடிவெடுக்கக் கூடாது என்று ஒரு மாதத்துக்கு 99 டாலர் கட்டச் சொன்னேன். ஜனவரி 17, சனிக்கிழமை. அத்தான் ஓட்டுநர் இருக்கையில், நான் பக்கத்தில், அம்மாவும் அக்காவும் பின்னால். லிவர்மோர் சிவா விஷ்ணு கோயிலுக்கு வழி போட்டு லீவரைத் தட்டினார். கார் தானாக வீட்டுத் தெருவிலிருந்து வெளியேறி 680 நெடுஞ்சாலையைப் பிடித்தது.

நன்றாக ஓட்டியது. சூனோல் ஏற்றத்தில் மெதுவாகப் போன லாரியைப் பார்த்து, இடப்பக்கம் இடம் இருக்கிறதா என்று காத்திருந்து, சிக்னல் போட்டு மாறியது. வல்லெசிடோஸ் சாலையில் மழைக்குப் பச்சை பிடித்த குன்றுகளுக்கு நடுவில் வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைத்து எடுத்தது. ஓர் இடத்தில் எதிரே வண்டிகள் வந்துகொண்டிருக்க இடதுபுறம் திரும்ப வேண்டும். இரண்டு வண்டி போகும்வரை நின்று, மூன்றாவது தூரத்தில் வரும்போதே திரும்பிவிட்டது. நானாக இருந்தாலும் அந்த நேரத்தில்தான் திரும்பியிருப்பேன். பின்னால் இருந்து அம்மா, “ஏல, நெசமாவே நீ ஓட்டலயா?” என்று மூன்று தடவை கேட்டார்.

மூன்றாவது தடவை அத்தான் திரும்பிப் பதில் சொன்னார். உடனே திரையில் நீல வெளிச்சம் அடித்து ஒரு மணி ஒலித்தது. சாலையைப் பாருங்கள் என்கிற எச்சரிக்கை. கண்ணாடிக்கு மேலே இருக்கும் சின்ன கேமரா ஓட்டுநரின் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அத்தான் சட்டென்று முன்னால் திரும்பினார்.

நான் அன்று சாலையைவிட அவரைத்தான் அதிகம் கவனித்தேன். வலது கால் பெடலில் இல்லை, முட்டி தளர்ந்திருந்தது. அது நல்ல மாற்றம். ஆனால் தோள்பட்டை இறுகியே இருந்தது. கைகள் தொடையில், ஸ்டீயரிங்குக்கு ஒரு சாண் தள்ளி, எந்த நொடியும் பிடிக்கத் தயாராக. கோயில் பார்க்கிங்கில் இறங்கியதும் அவரே சொன்னார்: “காலுக்கு ஓய்வு மாப்ள. மனசுக்கு இல்ல.”

இந்த வசதி என்ன தருகிறது, எதைத் தரவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எங்கும் படிக்கவில்லை. தானோட்ட நிலைகளில் பொறியாளர்கள் இதை இரண்டாம் நிலை என்பார்கள். கார் ஓட்டும், பொறுப்பு ஓட்டுநருடையது. கலிபோர்னியாவிலும் நெவாடாவிலும் 2023இல் அனுமதி பெற்ற மெர்சிடீஸின் டிரைவ் பைலட் மூன்றாம் நிலை. குறிப்பிட்ட நெடுஞ்சாலைகளில், மணிக்கு 40 மைலுக்குள், பகலில் மட்டும்தான். ஆனால் அந்த நேரத்தில் சாலையிலிருந்து கண்ணை எடுக்க முடிந்தது, கார் ஓடும்போதைய பொறுப்பை நிறுவனம் ஏற்றது. சான் பிரான்சிஸ்கோவில் 2024 ஜூன் முதல் யார் வேண்டுமானாலும் வேமோ நிறுவனத்தின் தானோட்ட டாக்ஸியில் ஏறலாம். ஓட்டுநர் இருக்கை காலி. அங்கே நாம் கொடுப்பது அந்தச் சவாரிக்கான காசு மட்டும்.

பொறுப்பு யாருடையது என்ற கேள்வியை நான் அழுத்திக் கேட்பதற்குக் காரணம் உண்டு. 2023 பிப்ரவரியில் இந்த மென்பொருள் இருந்த 3,62,758 கார்களுக்குத் திரும்பப்பெறல் அறிவிப்பு வந்தது. நிறுத்தப் பலகையில் முழுதாக நிற்காமல் போவது, திரும்புவதற்கான தடத்திலிருந்து நேராகப் போவது போன்ற குறைகள். மென்பொருளைப் புதுப்பித்துச் சரிசெய்தார்கள். மூடுபனி, தூசி, கண்கூசும் வெயில் போன்ற பார்வை மங்கும் நேரத்தில் நடந்த மோதல்களை வைத்து 2024 அக்டோபரில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு விசாரணை திறந்தது. அதில் ஒன்றில், 2023 நவம்பரில் அரிசோனாவில், சாலையில் நின்றிருந்தவர் உயிரிழந்தார். சிக்னல் மீறல் போன்றவற்றை வைத்து 2025 அக்டோபரில் இன்னொரு விசாரணை. அத்தானுக்கு ஏற்கெனவே வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது. கேமராவும் தடுமாறும் அதே சூழ்நிலையில் அவர்தான் அதற்குக் காவல் இருக்க வேண்டும் என்றால், ராத்திரிப் பயணத்துக்கு நான் எப்படிச் சரி சொல்வேன்?

சமையலறை மேஜையில்

அக்கா சுக்குக் காபி போட்டு வைத்தாள். நான் கால்குலேட்டரை எடுத்தேன்.

8,000ஐ 99ஆல் வகுத்தால் 81 மாதம். ஆறே முக்கால் வருடம். அந்தப் பணத்தை ஆண்டுக்கு 4 சதவீத வட்டியில் போட்டுவிட்டு அதிலிருந்து மாதம் 99 எடுத்தால் 94 மாதம்வரை தாங்கும். இது ஒரு மாதம்கூட விடாமல் சந்தா கட்டினால் வரும் கணக்கு. அத்தானுக்குத் தேவை வருடத்தில் ஐந்து மாதம். ஐந்து மாதத்துக்கு 495 டாலர். 8,000ஐ எட்ட பதினாறு வருடம் ஆகும். கார் வாங்கியே நாலு வருடம் ஆகிவிட்டது.

“சந்தா ஏறும்னு சொல்றாங்களே?” என்றார். அதுவும் உண்மை. மென்பொருளின் திறமை கூடக்கூட 99 டாலர் என்ற சந்தா ஏறும் என்று மஸ்க் அதே ஜனவரியில் சொன்னார். சரி, பழையபடி 199 என்றே வைத்துக்கொண்டோம். வருடத்துக்கு 995. அப்போதும் எட்டு வருடம். தவிர, ஏறினால் நிறுத்திவிடலாம். மொத்தமாகக் கட்டியதை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த மென்பொருள் காரோடு ஒட்டியது, ஆளோடு இல்லை. 2023 தொடங்கி அவ்வப்போது, புதுக் காருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சலுகை விட்டிருக்கிறார்கள். அது அவர்கள் திறக்கும்போது திறக்கும் கதவு, நம் உரிமை இல்லை. நாளைக்குக் காரை விற்றாலோ, விபத்தில் வண்டி போனாலோ 8,000மும் அதோடு போகும்.

கடைசியாக டெஸ்லாவின் ஆண்டறிக்கையைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினேன். என் தொழிலில் அன்றாடம் பார்க்கும் விஷயம் இது. வாடிக்கையாளரிடம் பணம் வாங்கியாகிவிட்டது, சரக்கு இன்னும் முழுதாகக் கொடுக்கவில்லை என்றால் அந்தப் பணத்தை வருமானம் என்று எழுதக் கூடாது. கடன் பக்கத்தில், ஒத்திவைத்த வருவாய் என்று வைக்க வேண்டும். தானோட்ட வசதி, இணைய இணைப்பு, மென்பொருள் புதுப்பிப்பு எல்லாம் சேர்த்து அந்தத் தலைப்பில் டெஸ்லா வைத்திருந்த தொகை 2023 முடிவிலும் 2024 முடிவிலும் 350 கோடி டாலருக்கு மேல். இணையத்தில் எவ்வளவு வாதம் நடந்தாலும், இன்னும் கொடுக்க வேண்டியது பாக்கி இருக்கிறது என்று நிறுவனமே தன் கணக்கில் எழுதி வைத்திருக்கிறது. அத்தான் அந்த வரியில் விரல் வைத்துப் படித்தார். “அப்ப நாம குடுக்கறது விலை இல்ல, கைமாத்து” என்றார். ஆமாம், வட்டியில்லாக் கைமாற்று. திருப்பித் தரும் தேதி எழுதாதது.

ஏன் இப்போது ஒரே தொகைக்கு விற்பதை நிறுத்துகிறார்கள்? இது என் ஊகம்தான். 2025 நவம்பரில் பங்குதாரர்கள் ஒப்புக்கொண்ட மஸ்க்கின் சம்பளத் திட்டத்தில் ஓர் இலக்கு, ஒரு கோடி தானோட்டச் சந்தாக்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், பழைய விளம்பர வாக்குகளை வைத்து கலிபோர்னியாவில் தொடுத்த வழக்கைக் கூட்டு வழக்காக நடத்த ஒரு கூட்டாட்சி நீதிபதி அனுமதித்தார். டிசம்பரில், ஆட்டோபைலட், ஃபுல் செல்ஃப் டிரைவிங் என்ற பெயர்களை வைத்து விளம்பரப்படுத்தியது மக்களைத் தவறாக எண்ண வைப்பது என்று ஒரு நிர்வாக நீதிபதி சொன்ன தீர்ப்பை மாநில மோட்டார் வாகனத் துறை ஏற்றுக்கொண்டது. மாதச் சந்தாவில் எதிர்கால வாக்குறுதி எதுவும் ஒட்டிக்கொண்டிருக்காது. இந்த மாதம் என்ன ஓடுகிறதோ அதற்குக் காசு. நிறுவனத்துக்கு அது வசதி. வாங்குபவருக்கும் அதுதான் நியாயம் என்று நினைக்கிறேன். பத்து வருடத்துக்கு முன்பே இப்படி விற்றிருந்தால் எத்தனையோ பேருடைய சேமிப்பு தப்பியிருக்கும்.

ஜனவரி 22 அன்று ஆஸ்டினில் டெஸ்லாவின் ரோபோ டாக்ஸிகள் சில, முன்னிருக்கையில் கண்காணிப்பாளர் இல்லாமல் ஓடத் தொடங்கின. அத்தான் வீடியோவை அனுப்பினார், கூடவே ஒரு கேள்விக்குறி. அந்தச் செய்தி எனக்கும் மகிழ்ச்சிதான். அவருக்கு எழுபது வயதாகும்போது அப்படி ஒரு வண்டி வாசலில் வந்து நிற்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். ஆனால் அவை நிறுவனமே வைத்து ஓட்டும் புதிய மாடல் ஒய் வண்டிகள். கராஜில் நிற்கும் 2022 மாடல் 3 அதுவல்ல. அதையே பதிலாக எழுதினேன். கொஞ்ச நேரம் கழித்துக் கட்டைவிரல் வந்தது.

பிப்ரவரி 14 சனிக்கிழமை. வழக்கம்போல் லிவர்மோர் போனார்கள், அத்தானே ஓட்டிக்கொண்டு. சோதனைச் சந்தாவை மேற்கொண்டு நீட்டிக்காமல் முன்பே நிறுத்தியிருந்தார். கெடு முடிந்தது. 8,000 டாலர் வங்கியிலேயே இருக்கிறது. ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கும் நாட்காட்டியில் மகளின் விடுமுறை தொடங்கும் வாரத்தில் அக்கா எழுதியிருக்கிறாள்: சான் டியகோ, காலை 6 மணி, பகலில் மட்டும், 99.